வெற்றி யார் பக்கம்?



2022-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 24-ஆம் நாள் ருஷ்யப் படை உக்ரைன் நாட்டினுள் புகுந்தது. மறுநாட் காலை, அப்போது பள்ளியில் பயின்றுகொண்டிருந்த என் பேரன் செய்தித்தாளும் கையுமாக என்னிடம் வந்தான். "தாத்தா, இதில் யார் ஜெயிப்பார்கள்?" என்று கேட்டான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாறு கற்பித்தவன் அல்லவா நான்? சிறிதும் தயங்காமல் விடை கூறினேன்: "ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். தலைநகரம் விழுந்துவிடும்." பையன் சுவரிலிருந்த தேசப்படத்தில் கீவ் நகரத்தின்மேல் ஒரு குண்டூசியைக் குத்திவைத்தான்.

பத்து நாள் கழிந்தது. ஒரு திங்களும் கழிந்தது. ஏப்ரல் தொடக்கத்தில், கீவ் நகரை நெருங்கியிருந்த ருஷ்யப் படைகள் அப்பகுதியைவிட்டுப் பின்வாங்கிச் சென்றன. குண்டூசி குத்தியபடியே இருந்தது. பேரன் ஒன்றும் கேட்கவில்லை. அவ்வூசியை ஒருமுறை பார்த்தான், என்னை ஒருமுறை பார்த்தான், அவ்வளவுதான். பரீட்சையில் தவறிய மாணவனுக்கு எப்படி இருக்கும் என்பதை அந்த வயதில் நான் உணர்ந்தேன்.

அந்தப் போரின் முடிவைப்பற்றி இன்று நான் பேசப் போவதில்லை. என்னை உறுத்திய செய்தி வேறு. நான் செய்த அதே பிழையை, அதே சமவெளிகளைப் பற்றி, என்னைவிடப் பன்மடங்கு கற்றவர்கள் எண்பது ஆண்டுகளுக்கு முன்பே செய்திருந்தனர். அதை நானே பல முறை வகுப்பில் பாடமாக நடத்தியும் இருக்கிறேன். ஒரு போர் நடந்துகொண்டிருக்கும்போது எந்தப் பக்கம் வெல்லும் என்று எடைபோடுவது எப்படி? முடிந்துபோன ஒரு போரை, அது முடியாதிருந்த நாள்களில் நின்று பார்த்தால்தான் இக்கேள்வியின் கடுமை விளங்கும். ஆகவே, முடிவு தெரியும் என்பதைச் சற்று மறந்துவிட்டு, 1941-ஆம் ஆண்டின் கோடைக்கு என்னுடன் வாருங்கள்.

1941 ஜூன் 22, ஞாயிற்றுக்கிழமை. பொழுது புலருமுன் ஜெர்மானியப் படை சோவியத் ருஷ்யாவின் எல்லையைக் கடந்தது. ஏறத்தாழ முப்பது லட்சம் ஜெர்மானிய வீரர்கள்; அவர்களுடன் ருமேனியா முதலிய துணை நாடுகளின் படைகள். வடக்கே பால்டிக் கடல் முதல் தெற்கே கருங்கடல் வரை போர்முனை விரிந்தது. ஆறே நாளில் மின்ஸ்க் நகரம் வீழ்ந்தது. அடுத்த திங்களில் ஸ்மோலென்ஸ்க். செப்டம்பரில் கீவ் நகரைச் சூழ்ந்த போரில் மட்டும் ஆறு லட்சத்துக்கு மேற்பட்டவர்களைச் சிறைப்பிடித்ததாக ஜெர்மானியர் கணக்குக் கொடுத்தனர்.

இதைக் கண்ட உலகம் என்ன கணித்தது? போர் தொடங்கிய மறுநாளே அமெரிக்க யுத்த மந்திரி ஸ்டிம்சன், தம் தளகர்த்தர்களைக் கலந்தாலோசித்து, ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். ருஷ்யாவை முறியடிக்க ஜெர்மனிக்குக் குறைந்தது ஒரு மாதம், கூடினால் மூன்று மாதம் ஆகலாம் என்பது அக்குறிப்பின் சாரம். லண்டனிலும் வாரக்கணக்கில்தான் பேசினார்கள். ஜெர்மனியின் படைத்தலைமையிலோ, தலைமைத் தளகர்த்தர் ஹால்டர் ஜூலை 3-ஆம் நாளே, போர் இரண்டு வாரத்திற்குள் வென்று முடிக்கப்பட்டுவிட்டது என்று கூறுவது மிகையாகாது எனத் தம் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார்.

இவர்களை அறிவிலிகள் என்று இன்று நகைப்பது எளிது. ஆனால் அவர்கள் கைவசம் இருந்த சான்றுகளைப் பாருங்கள். 1939 செப்டம்பரில் போலந்து ஐந்து வாரத்தில் வீழ்ந்தது. 1940 மே 10-இல் மேற்கே தொடங்கிய தாக்குதலால், ஐரோப்பாவின் முதல்தரப் படை எனப் பெயரெடுத்த பிரான்சு, ஜூன் 22-இல் போர்நிறுத்த உடன்படிக்கையில் கையொப்பமிட்டது, ஆறே வாரம். ருஷ்யப் படையோ, 1937-38-ஆம் ஆண்டுகளில் ஸ்டாலின் நடத்திய களையெடுப்பில் தன் தலைவர்களை இழந்திருந்தது. இருந்த ஐந்து மார்ஷல்களில் மூவர் ஒழிக்கப்பட்டனர். அதன் பயன் 1939-40 பனிக்காலத்தில் தெரிந்தது. நாற்பது லட்சம் மக்கள்கூட இல்லாத பின்லாந்து, ருஷ்யப் பெரும்படையை மூன்று திங்களுக்கு மேல் நிறுத்திவைத்து அவமானப்படுத்தியது. இவ்வளவையும் அறிந்த ஒருவர், ருஷ்யா மூன்று மாதம் தாங்கும் என்று சொன்னதே தாராளம் அன்றோ?

ஆக, அவர்களுடைய சான்றுகள் பொய்யல்ல. காரணம் கூறிய முறையும் கோணலன்று. ஆயினும் முடிவு பிழைத்தது. இதுதான் கருதத்தக்கது. காரணமே இல்லாமல் தவறு செய்தவனைத் திருத்துவது எளிது. நல்ல காரணங்களோடு தவறு செய்தவனை என் செய்வது?

இதன் மறுபக்கம் ஒன்றும் உண்டு. மாஸ்கோவில் அமெரிக்கத் தூதராக முன்பு இருந்த ஜோசப் டேவிஸ் என்பவர், செஞ்சேனையின் எதிர்ப்பு உலகத்தையே வியக்கவைக்கும் என்று அப்போதே சொன்னார். அவ்வாறே நடந்தது. ஆனால் இதே டேவிஸ்தான் ஸ்டாலின் நடத்திய போலி விசாரணைகளை நேரில் கண்டிருந்து, அவை நேர்மையானவை என்று நம்பியவர். ருஷ்யாவைப்பற்றி நல்லதே நினைக்க விரும்பிய உள்ளம் அவருடையது. இம்முறை அந்த விருப்பமும் உண்மையும் தற்செயலாக ஒத்துப்போயின. விடை சரியாக இருந்தாலும், வழிமுறைக்கு நான் மதிப்பெண் கொடுக்கமாட்டேன்.

இந்தக் கணிப்பு ஏதோ திண்ணைப் பேச்சு என்று எண்ணிவிடாதீர்கள். ரூஸ்வெல்ட் உடனே ஒரு முடிவு செய்யவேண்டியிருந்தது. ருஷ்யாவுக்கு ஆயுதம் அனுப்பலாமா, கூடாதா? அனுப்பினால், பிரிட்டனுக்குப் போகவேண்டிய தளவாடங்களில் குறை விழும். ருஷ்யா ஆறு வாரத்தில் வீழ்ந்துவிட்டால், அனுப்பிய பொருள்களெல்லாம் ஹிட்லர் கையில் சேரும். அனுப்பாமலிருந்து, அதன் காரணமாகவே ருஷ்யா வீழ்ந்துவிட்டாலோ? கணிப்பே நிகழ்ச்சியை உண்டாக்கிவிடும் ஆபத்து இங்கே இருந்தது. தோற்பான் என்று கருதி எல்லோரும் கைவிட்டால், தோற்காதவனும் தோற்பான்.

இந்நிலையில்தான் ஹாரி ஹாப்கின்ஸ் என்பவர் மாஸ்கோவுக்குப் புறப்பட்டார். இவர் ராணுவத்தார் அல்லர். ஏழை எளியோர்க்கு உதவி வழங்கும் துறையில் பணியாற்றி, ரூஸ்வெல்ட்டின் நம்பிக்கைக்கு உரியவரானவர். வயிற்றில் புற்றுநோய் கண்டு, இரைப்பையின் பெரும்பகுதியை அறுத்தெடுத்த உடம்பு. அந்த உடம்போடு ஸ்காட்லாந்திலிருந்து ஒரு கடல் விமானத்தில் ஏறி, வடகடல் வழியே இருபது மணி நேரத்துக்கு மேல் பறந்து ஆர்க்கேஞ்சல் துறைமுகத்தில் இறங்கி, 1941 ஜூலை 30-ஆம் நாள் மாஸ்கோவை அடைந்தார். அன்றும் மறுநாளும் ஸ்டாலினோடு பேசினார்.

அவர் போர்முனையைப் பார்க்கவில்லை. ருஷ்ய அதிகாரிகளும் அவரிடம் வாய்திறந்து எதையும் சொல்லவில்லை. டாங்கிகளைப் பற்றிக் கேட்டால் மழுப்பினார்கள். அவர் கையில் வந்தது ஒரே ஒரு பட்டியல்: ஸ்டாலின் கேட்ட பொருள்களின் பட்டியல். விமான எதிர்ப்புப் பீரங்கிகள், யந்திரத் துப்பாக்கிகள், பத்து லட்சத்துக்கு மேற்பட்ட துப்பாக்கிகள் முதலியன அதில் இருந்தன. அவற்றோடு விமானப் பெட்ரோலும், விமானம் செய்வதற்கு வேண்டிய அலுமினியமும் இடம்பெற்றன. பீரங்கியும் அலுமினியமும் கொடுங்கள், மூன்று நான்கு ஆண்டுகள் போரிடுவோம் என்ற கருத்தில் ஸ்டாலின் பேசினார்.

அலுமினியத்தைச் சிறிது எண்ணிப் பாருங்கள். துப்பாக்கியை இன்று கொடுத்தால் நாளை சுடலாம். அலுமினியம் அப்படியன்று. அமெரிக்காவில் அதைக் கட்டிகளாக வார்த்து, கப்பலேற்றி, நீர்மூழ்கிகளுக்குத் தப்பி வடகடல் கடந்து, ருஷ்யத் தொழிற்சாலையில் இறக்கி, தகடாகவும் எஞ்சினாகவும் மாற்றி, விமானத்தில் பொருத்திப் பறக்கவிடுவதற்குள் பல மாதங்கள் ஓடிவிடும். ருஷ்யாவின் புகழ்பெற்ற டி-34 டாங்கியின் டீசல் எஞ்சினுக்கும் அலுமினியமே உடல். ஆறு வாரத்தில் செத்துவிடுவோம் என்று அஞ்சுகிறவன் அடுத்த ஆண்டுக்கான விதைநெல்லைக் கேட்பானா? தொழிற்சாலையை நம்புகிறவன்தான் உலோகத்தைக் கேட்பான். ருஷ்யா தாக்குப்பிடிக்கும் என்று ஹாப்கின்ஸ் தம் தலைவருக்கு உரைத்தார். அவ்வாண்டு அக்டோபரில் உதவி உடன்படிக்கை ஏற்பட்டது. நவம்பர் 7-இல் கடன்-குத்தகைத் திட்டத்தில் ருஷ்யாவும் சேர்க்கப்பட்டது.

இங்கே நீங்கள் என்னை மடக்கவேண்டும். ஸ்டாலின் நடித்திருக்கக் கூடாதா? கடன் கேட்கப் போகிறவன் சட்டையைத் தேய்த்து உடுத்திக்கொண்டு போவதில்லையா? போகலாம்தான். செப்டம்பரில் ஸ்டாலின் சர்ச்சிலுக்கு எழுதிய கடிதங்களில் அந்த மிடுக்கு இல்லை. உதவி வராவிட்டால் தோற்கவும் நேரலாம் என்று சொல்லி, இருபத்தைந்து முப்பது பிரிட்டிஷ் படைப்பிரிவுகளை ருஷ்ய மண்ணுக்கே அனுப்பும்படி வேண்டினார். ஆனால் அந்தக் கலக்கத்தின் நடுவிலும், அக்டோபர் தொடக்கத்துக்குள் முப்பதாயிரம் டன் அலுமினியம் வேண்டும் என்று கேட்க அவர் மறக்கவில்லை. ஹாப்கின்ஸ் கண்டது உறுதியான சான்றன்று. ஒரு குறிப்பு மட்டுமே. ருஷ்யா வீழ்ந்திருந்தால், அலுமினியத்தைப் பார்த்து ஏமாந்தவர் என்று அவரை இன்று கேலி செய்துகொண்டிருப்போம். அதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

வள்ளுவர் வலியறிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார். எடுத்த காரியத்தின் கடுமை, தன் ஆற்றல், பகைவன் ஆற்றல், இரு திறத்தார்க்கும் துணை நிற்போர் ஆற்றல் ஆகிய நான்கையும் சீர்தூக்கவேண்டும் என்பது அவர் கருத்து. 1941-இல் எல்லோரும் நிறுத்துப் பார்த்தது இரண்டு படைகளை மட்டுமே. அதிலும் எண்ணிக்கை தவறியது. ஆகஸ்டு 11-ஆம் நாள் அதே ஹால்டர் வேறொரு குறிப்பு எழுதினார். ருஷ்யாவிடம் சுமார் 200 படைப்பிரிவுகள் இருக்கும் என்று எண்ணிப் போரில் இறங்கினோம். இதற்குள் 360 பிரிவுகளைக் கண்டுவிட்டோம் என்பது அதன் பொருள். ஒரு டஜன் பிரிவுகளை நொறுக்கினால் ருஷ்யர் இன்னொரு டஜனைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள் என்றும் அவர் சலித்துக்கொண்டார். ஐந்தே வாரத்தில் தம் தீர்ப்பையே ஐயுற நேர்ந்தது, அந்தக் கெட்டிக்காரருக்கு.

எடுத்த காரியத்தின் கடுமை எங்கே ஒளிந்திருந்தது? முக்கியமாக, தண்டவாளத்தில். ஜெர்மானிய ரயில் பாதையைவிட ருஷ்ய ரயில் பாதை ஏறத்தாழ ஒன்பது சென்டிமீட்டர் அகலமானது. மீட்டர் கேஜ் பாதைகளை அகலப்பாதையாக மாற்றியபோது நம் ஊர்களில் ரயிலே இல்லாமல் மாதக்கணக்கில் இருந்ததை உங்கள் பெற்றோர் சொல்லியிருப்பார்கள். ஜெர்மானியரோ போரிட்டுக்கொண்டே அவ்வேலையைச் செய்யவேண்டியிருந்தது. மரக்கட்டைகள்மேல் கிடந்த தண்டவாளத்தில் ஒன்றைச் சற்று உட்புறமாக நகர்த்தி அடிப்பது பெரிய வித்தையன்று, அதைச் செய்துவிட்டார்கள். ஆனால் ருஷ்ய எஞ்சின்கள் நிரம்பத் தண்ணீர் சுமந்து செல்வன. ஆதலின் அங்கே தண்ணீர் பிடிக்கும் நிலையங்கள் தொலைவில் தொலைவில் இருந்தன. ஜெர்மானிய எஞ்சின்கள் அவ்வளவு தூரம் தாங்கா. குளிர்காலம் வந்ததும், அவற்றின் வெளிப்புறக் குழாய்கள் உறைந்து வெடித்தன. அசுர வேகப்படை என்று உலகம் அஞ்சிய அப்படை, சாமான் இழுப்பதற்கு ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட குதிரைகளை நம்பியிருந்தது என்பது பலர்க்குத் தெரியாது. இலையுதிர்கால மழையில் ருஷ்யச் சாலைகள் சேறாகியபோது அக்குதிரைகள் முழங்கால் அளவு புதைந்தன. ஒவ்வொரு வெற்றியும் படையை அதன் களஞ்சியத்திலிருந்து இன்னும் தொலைவுக்கு இழுத்துச் சென்றது. தேசப்படத்தில் குண்டூசி முன்னேறுவதைத்தான் நாம் பார்க்கிறோம். ஊசிக்குப் பின்னால் நீளும் நூலைப் பார்ப்பதில்லை.

மறுபக்கத்தில் நடந்தது இன்னும் பெரிய வேலை. போர் தொடங்கிய மூன்றாம் நாளே, ஜூன் 24-இல், தொழிற்சாலைகளைக் கிழக்கே பெயர்த்துச் செல்ல ருஷ்ய அரசு ஒரு குழுவை அமைத்தது. ஜூலை முதல் நவம்பர் வரை 1,500-க்கு மேற்பட்ட தொழிற்சாலைகள் கழற்றப்பட்டு, யந்திரங்களும் தொழிலாளரும் அவர் குடும்பங்களுமாகச் சரக்கு வண்டிகளில் ஏற்றப்பட்டு, யூரல் மலைப்பகுதிக்கும் சைபீரியாவுக்கும் மத்திய ஆசியாவுக்கும் அனுப்பப்பட்டன. கார்க்கோவ் நகரத்து டாங்கித் தொழிற்சாலை யூரலில் உள்ள நீஷ்னி டாகில் என்னும் ஊருக்குப் போயிற்று. 1941 டிசம்பரிலேயே அங்கிருந்து முதல் டாங்கிகள் வெளிவந்தன. பல இடங்களில் கூரை போடுவதற்கு முன்பே கடைசல் யந்திரங்கள் சுழன்றன. 1942-இல் ருஷ்யா ஏறத்தாழ 24,000 டாங்கிகளைச் செய்தது. ஜெர்மனி அதில் மூன்றில் ஒரு பங்குகூடச் செய்யவில்லை. இத்தனைக்கும் ஜெர்மனியின் எஃகு உற்பத்தி ருஷ்யாவினுடையதைவிடப் பன்மடங்கு பெரிது. ஆதலால் எந்த நாட்டில் எஃகு அதிகம் என்று பூகோள நூலைப் பார்த்து மட்டும் தீர்ப்புக் கூறியிருந்தாலும் பிழைத்திருப்போம். இழந்ததை மீண்டும் உண்டாக்க யாரால் முடிகிறது, எவ்வளவு விரைவில் முடிகிறது, அதற்காக மக்களிடமிருந்து எவ்வளவைப் பிடுங்க அரசு துணிகிறது என்பனவே அங்கே கேள்விகள். அந்த மூன்றாவது கேள்வி இனிமையானதன்று.

அக்டோபர் 9-ஆம் நாள் பெர்லினில் ஹிட்லரின் பத்திரிகைத் தலைவர் டீட்ரிக், நிருபர்களைக் கூட்டி, கிழக்குப் போரின் தலைவிதி தீர்ந்துவிட்டது என்று அறிவித்தார். ஒரு வாரத்தில் மாஸ்கோவில் பெருங்குழப்பம். அரசு அலுவலகங்கள் குய்பிஷேவ் நகருக்குப் பெயர்ந்தன. அன்று யாரேனும் என்னைக் கேட்டிருந்தால், ஜெர்மனிதான் என்று நான் சொல்லியிருப்பேன்; மறைப்பானேன்? ஆனால் அதே வாரத்தில் மழை இறங்கிற்று. ஸ்டாலின் மாஸ்கோவைவிட்டுப் போகவில்லை. டிசம்பர் 5-ஆம் நாள் ருஷ்யப் படை எதிர்த்தாக்குதல் தொடங்கி, ஜெர்மானியரை நகரத்தின் வாயிலிலிருந்து பின்னே தள்ளிற்று.

அடுத்த சில நாள்களில் நடந்ததை எந்தத் தராசும் முன்கூட்டி நிறுத்திருக்க முடியாது. டிசம்பர் 7-இல் ஜப்பான் பெர்ல் துறைமுகத்தைத் தாக்கிற்று. 11-ஆம் நாள், எவரும் வற்புறுத்தாமலே, ஹிட்லர் அமெரிக்காமீது போர்ப் பிரகடனம் செய்தார். துணை நிற்போர் ஆற்றல் என்று வள்ளுவர் சொன்ன தட்டில், உலகின் மிகப்பெரிய தொழில் வளத்தைத் தம் கையாலேயே எடுத்துப் பகைவர் பக்கம் வைத்தார். கணிப்பவன் எவ்வளவு நுட்பமானவனாயினும், ஒரு தலைவன் நாளைக்குச் செய்யப்போகும் முட்டாள்தனத்தை இன்றே கணக்கில் சேர்க்க முடியாது.

வென்ற பக்கம் என்று ருஷ்யாவை நாம் சொல்கிறோம். அவ்வெற்றிக்கு அந்நாடு கொடுத்த உயிர்கள் ஏறத்தாழ இரண்டு கோடியே எழுபது லட்சம். யார் ஜெயிப்பார்கள் என்று என் பேரன் கேட்டபோது, பந்தாட்டத்தின் முடிவைக் கேட்பதுபோல எண்ணி நான் விடை கொடுத்தேனே, அது இன்றும் என் மனத்தை அறுக்கிறது.

வானொலியில் பேசுவதால் வானொலியைப் பற்றிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1942 ஜூன் 4-ஆம் நாள், பின்லாந்துப் படைத்தலைவர் மான்னர்ஹைமின் எழுபத்தைந்தாம் பிறந்தநாளுக்கு ஹிட்லர் விமானத்தில் வந்தார். விழாவைப் பதிவு செய்ய வந்திருந்த பின்லாந்து வானொலிப் பொறியாளர் ஒருவர், அவர்கள் தனியே உரையாடிய பெட்டிக்குள் ஒலிவாங்கியை வைத்திருந்தார். மேடையில் முழங்கும் ஹிட்லர் அல்லர் அதில் பேசுபவர். தாழ்ந்த குரலில், சாதாரண மனிதர்போலப் பேசுகிறார். ஒரு நாட்டிடம் முப்பத்தையாயிரம் டாங்கிகள் இருக்கும் என்று என்னிடம் யாராவது முன்பே சொல்லியிருந்தால், அவருக்குப் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பேன் என்கிறார். ஏறத்தாழப் பதினொரு நிமிடம் ஓடியபின் மெய்க்காவலர்கள் கண்டுபிடித்து நிறுத்தினார்கள். அப்பதிவு அழிக்கப்படாமல் தப்பிற்று, இன்றும் கேட்கலாம்.

அப்படித் தம் கணக்குத் தவறிவிட்டதைத் தம் வாயாலேயே ஒப்புக்கொண்டு இருபத்துநான்கு நாள் கழித்து, ஜூன் 28-ஆம் நாள், அவருடைய படைகள் வால்கா நதியையும் காக்கசஸ் எண்ணெய்க் கிணறுகளையும் நோக்கி மீண்டும் கிழக்கே புறப்பட்டன.